உரிமையாளர் கையெழுத்து

சேலம் மாவட்டத்தில் அரசுக் கால்நடை மருத்துவராகப் பணிபுரியும் நான், கருக்கலைப்பை என் தொழிலின் சாதாரண வேலைகளுள் ஒன்றாகவே செய்து வருகிறேன். கேட்டு வருகிற விவசாயிக்கும் அதில் கூச்சமில்லை, செய்கிற எனக்கும் கூச்சமில்லை. என் அக்கா இதே மாவட்டத்தில் மகப்பேறு பிரிவுச் செவிலியர். அவருடைய வேலையில் இதே செயலுக்கு 50 ஆண்டுகளுக்கும் மேலாகச் சட்டத்தின் பாதுகாப்பு இருக்கிறது. இருந்தும் அங்கே அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் கதவு சாத்தியிருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். எங்கள் இருவர் வேலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநாளாக யோசித்து வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

அயோத்தியாப்பட்டணத்திலிருந்து குப்பனூர் வழியாக ஏற்காட்டுக்கு ஏறும் சாலையின் அடிவார ஊர்களில், மலையோரம் மேயப் போகும் கிடேரிகள் பருவம் முற்றுவதற்கு முன்பே காளையோடு சேர்ந்து சினைப்பட்டுவிடுவது அவ்வப்போது நடக்கும். அப்படியொரு ஜெர்சி கலப்பினக் கிடேரியை ஒரு பெரியவர் மருந்தகத்துக்கு ஓட்டி வந்தார். வயது ஓராண்டு நிறையவில்லை. எலும்பு தெரிகிற உடம்பு. தோள்வரை நீளும் பிளாஸ்டிக் கையுறையை மாட்டிக்கொண்டு ஆசனவாய் வழியாகக் கைவிட்டுப் பார்த்ததில், கருப்பையின் ஒரு கொம்பு மட்டும் பருத்து, நீர் நிறைந்து, ஏறத்தாழ மூன்று மாதச் சினை என்று தெரிந்தது. இடுப்பெலும்பின் விரிவோ என் மணிக்கட்டுக்கே தட்டியது.

"கலைச்சா பாவமுங்களா, டாக்டரம்மா?" என்று அவர் கேட்டார்.

"ஐயா, இதுக்கே இன்னும் உடம்பு நிக்கல. மாசம் முடிஞ்சு கன்னு வெளிய வராம தாயும் கன்னும் சேர்ந்து போறதுக்கு, இப்பவே ஊசி போட்டுடறது நல்லது."

"அப்ப போட்டுடுங்க. அடுத்த வருசம் நல்லபடியா சினை ஊசி போட்டுக்கலாம்."

பேச்சு அவ்வளவுதான். குளோப்ரோஸ்டினால் 500 மைக்ரோகிராம், தசையில் ஓர் ஊசி. ஒரு வாரத்துக்குள் கரு விழுந்துவிடும், அதன்பின் காய்ச்சலோ நாற்றமடிக்கும் கசிவோ இருந்தால் ஓட்டி வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். பதிவேட்டில் உரிமையாளர் பெயர், ஊர், கிடேரியின் காது வில்லையில் உள்ள 12 இலக்க எண், கொடுத்த மருந்து ஆகியவற்றை எழுதி அவருடைய கையெழுத்தை வாங்கிக்கொண்டேன். எந்த மருத்துவக் குழுவும் கூடவில்லை. பெரியவர் பாவத்தைப் பற்றிக் கேட்டாரே என்றால், கேட்டார்தான். ஆனால் அந்தப் பாவம் கிடேரியின் மீது விழும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. காளையோடு சேர்ந்ததற்காக அதை யாரும் திட்டவுமில்லை.

இந்த மருந்து வேலை செய்யும் விதத்தைச் சற்று விளக்க வேண்டும், ஏனெனில் வேதியியல் அளவில் இரண்டு மருத்துவங்களும் ஒரே வழியில்தான் போகின்றன. சினையைத் தாங்கிப் பிடிப்பது புரோஜெஸ்டிரோன் என்ற சுரப்பு. பசுவில் முதல் ஐந்து மாதம் வரை அது முக்கியமாகச் சூலகத்தில் உள்ள கார்பஸ் லூட்டியம் என்னும் மஞ்சள் திசுவிலிருந்து வருகிறது; எங்கள் ஊசி அந்தத் திசுவைக் கரைத்துவிடுகிறது. ஐந்து மாதம் கடந்துவிட்டால் நஞ்சுக்கொடியும் அந்தச் சுரப்பைக் கொடுக்கத் தொடங்குவதால், கூடவே டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தும் போட வேண்டிவரும். பெண்களுக்குக் கொடுக்கப்படும் மிஃபெப்ரிஸ்டோன், சுரக்கும் இடத்தை விட்டுவிட்டு, அந்தச் சுரப்பு போய்ச் சேர வேண்டிய இடத்தை அடைத்துவிடுகிறது. பின்னர் கொடுக்கப்படும் மிசோப்ரோஸ்டால், எங்கள் ஊசியைப் போலவே புரோஸ்டாகிளாண்டின் குடும்பத்து மருந்து. இந்தியாவில் 9 வாரம் வரையிலான கர்ப்பத்துக்கு இந்த இரண்டு மாத்திரைகளும் சட்டப்படி ஏற்கப்பட்டவை. எங்கள் மருந்துப் புட்டியின் மேலேயே, கர்ப்பமாக இருக்கும் பெண்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் இதைக் கையாளும்போது எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கும், ஏனெனில் தோலில் சிந்தினாலே உடம்புக்குள் ஏறிவிடும். நான் கர்ப்பமாக இருந்த காலத்தில் இந்த ஊசியை எங்கள் கால்நடை பராமரிப்பு உதவியாளர்தான் எடுத்துப் போடுவார். நான் நாலடி தள்ளி நின்று அளவு சொல்வேன். பசுவின் கருப்பைக்கும் என் கருப்பைக்கும் அந்த மருந்து வித்தியாசம் பார்க்காது.

வித்தியாசம் பார்ப்பவர்கள் மனிதர்கள்தான். 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம், பெண்ணின் உயிரைக் காப்பதற்காக அன்றி வேறு எதற்காகக் கரு கலைக்கப்பட்டாலும் அதைக் குற்றமாக்கியது. கலைத்துக்கொண்ட பெண்ணும் குற்றவாளிதான். எருக்கங்குச்சியிலும் பச்சிலையிலும் பெண்கள் செத்துக்கொண்டிருந்த நிலையில், 1964-இல் சாந்திலால் ஷா தலைமையில் அமைக்கப்பட்ட குழு 1966-இல் அறிக்கை தந்து, அதன் பேரில் 1971-இல் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் வந்தது. 2021-இல் அது திருத்தப்பட்டது. இப்போது 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை, விதிகளில் குறித்த பிரிவுப் பெண்களுக்கு இரண்டு மருத்துவர்களின் கருத்து வேண்டும். அதற்கும் மேல் என்றால் கருவில் கடுமையான குறைபாடு இருப்பதாக மருத்துவக் குழு சொல்ல வேண்டும். தாயின் உயிரைக் காக்க உடனடியாகச் செய்தாக வேண்டும் என்றால் இந்த வார வரம்பு குறுக்கே நிற்காது. கூர்ந்து படித்தால், இந்தச் சட்டம் பெண்ணிடம் உரிமையைக் கொடுப்பதைவிட மருத்துவருக்குத் தண்டனையிலிருந்து விலக்குக் கொடுப்பதாகவே எழுதப்பட்டிருப்பது தெரியும். வாசலில் நின்று உள்ளே விடலாமா என்று தீர்மானிப்பவர் மருத்துவர். தண்டனைச் சட்டத்தின் பழைய பிரிவும், 2023-இல் இயற்றப்பட்ட புதிய குற்றவியல் சட்டத்தில் வேறு எண்ணோடு தொடர்கிறது.

கால்நடைகளுக்கு இப்படி எதுவும் கிடையாது. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் கருக்கலைப்பைப் பற்றிப் பேசவே இல்லை. சினைப்பட்ட விலங்கை வெட்டக் கூடாது என்று 2001-ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகள் சொல்கின்றன, அவ்வளவே. தெருநாய்க் கருத்தடை அறுவையில், மேசையில் படுக்க வைத்து வயிற்றைத் திறந்த பிறகுதான் சினை என்று தெரியவந்து, கருப்பையோடு குட்டிகளும் சேர்ந்து போவதுண்டு. அதில் வருத்தப்படுகிற மருத்துவர்களை நான் அறிவேன், வழக்குப் போடுகிறவரை அறியேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு கேள்விக்கு மட்டும் தயக்கமே கிடையாது. கன்று வெளியே வராமல் சிக்கிக்கொண்டு, தாயா கன்றா என்ற நிலை வந்தால், நாட்டில் எந்தக் கால்நடை மருத்துவரும் முதலில் தாயின் பக்கம்தான் நிற்பார். கன்று உள்ளேயே செத்திருந்தால் கம்பி ரம்பத்தால் துண்டித்து எடுத்தாவது பசுவைக் காப்பாற்றுவோம். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் சவிதா ஹலப்பனவரின் கதையை நான் படித்தேன். கர்நாடகத்துப் பெண், பல் மருத்துவர், அயர்லாந்தின் கால்வே நகரில் வசித்தவர். 17 வாரக் கர்ப்பத்தில் கருச்சிதைவு தொடங்கி, கரு பிழைக்காது என்று தெரிந்த பிறகும், அதன் இதயத்துடிப்பு இருந்ததால் கலைக்க மறுக்கப்பட்டு, நச்சு இரத்தத்தில் பரவி 2012 அக்டோபர் 28 அன்று இறந்தார். 1983 முதல் அந்நாட்டு அரசியலமைப்பு, தாயின் உயிருக்கும் கருவின் உயிருக்கும் சம உரிமை என்று சொல்லி வந்தது. 2018 மே மாதம் மக்கள் வாக்களித்து அந்தப் பிரிவை நீக்கினார்கள். பனிக்குடம் உடைந்து கருப்பையில் கிருமி ஏறிய ஒரு பசுவை அதே ஊரில் ஒரு கால்நடை மருத்துவரிடம் ஓட்டிப் போயிருந்தால், உள்ளே துடிப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு அவர் காத்திருக்க வேண்டிய அவசியம் இருந்திருக்காது. ஒரு பெண்ணுக்குக் கிடைக்காத தெளிவு பசுவுக்குக் கிடைத்திருக்கும் என்று நினைக்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

இதைப் படிப்பவர்கள், கால்நடை மருத்துவத்தின் வெளிப்படைத்தன்மையை நான் முன்மாதிரியாகச் சொல்கிறேன் என்று எண்ணிவிடக் கூடாது. அந்தக் கிடேரியை யாரும் எதுவும் கேட்கவில்லை. அடிவாரப் பெரியவர் நல்லவர். அவர் காரணமும் சரியானது. ஆனால் கறவை விலை இறங்கிவிட்டது என்பதற்காக வேறொருவர் ஆரோக்கியமான பசுவின் சினையைக் கலைக்கச் சொல்லி வந்தாலும், என்னால் புத்தி சொல்லவோ மறுக்கவோ முடியுமே தவிர, பசுவின் விருப்பம் என்று ஒன்றை எடுத்து முன்வைக்க முடியாது. எங்கள் மருத்துவத்தில் நோயாளி ஒருவர், முடிவெடுப்பவர் வேறொருவர். கையெழுத்து உரிமையாளருடையது, ஏனென்றால் மாடு அவருடைய சொத்து.

என்னைத் தொந்தரவு செய்வது, மனித மருத்துவமனைகளிலும் இதே உரிமையாளர் கையெழுத்து தேடப்படுவதுதான். என் உறவுக்காரப் பெண் ஒருத்தி, இரண்டு குழந்தைகளுக்குத் தாய், காப்பர்-டி பொருத்தியிருந்தும் கர்ப்பமானாள். எட்டு வாரம். நகரில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு அவளோடு நானும் போனேன். கணவர் சங்ககிரியிலிருந்து லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருந்தார். தொலைபேசியில் பேசி இருவரும் முடிவெடுத்திருந்தார்கள்.

"வீட்டுக்காரர் வந்து கையெழுத்துப் போடணும்மா. அவர் வரலேன்னா மாமியாரையாவது கூட்டிட்டு வாங்க" என்றார் வரவேற்பில் இருந்தவர்.

18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் மட்டும் போதும் என்று 1971-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. மனநலம் குன்றியவராக இருந்தால்தான் பாதுகாவலர் கையெழுத்து. அதற்கென உள்ள படிவம் சி-யில் கணவருடைய கையெழுத்துக்கு இடமே கிடையாது. இதை நான் எடுத்துச் சொன்னதும் அவர் கோபப்படவில்லை. "சட்டம் எங்களுக்கும் தெரியும் மேடம். நாளைக்கு அவங்க வீட்டு ஆளுங்க வந்து சண்டை போட்டா யாரு பதில் சொல்றது?" என்றார். கிட்டத்தட்ட இதே காரணத்துக்காகத்தான் நானும் விவசாயியிடம் கையெழுத்து வாங்குகிறேன்: பின்னால் மாட்டுக்கு ஏதாவது ஆனால், சொத்துக்காரர் வந்து கேட்பார். கடைசியில் ஓர் அரசு மருத்துவமனையில் அவளுடைய கையெழுத்தோடு மட்டும் வேலை முடிந்தது. அங்கேயும் குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்துகொண்டால்தான் ஆயிற்று என்று இரண்டு மூன்று பேர் மாறிமாறிச் சொல்லிப் பார்த்தார்கள். அப்படி ஒரு நிபந்தனையும் சட்டத்தில் இல்லை. சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் விதிக்கக் கூடாது என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. திருமணமாகாத பெண்களுக்கும் 24 வாரம் வரையிலான வாய்ப்பு உண்டு என்று சொன்ன அதே தீர்ப்பில்தான் இதுவும் இருக்கிறது. பெண்ணின் பெயரை வெளியிடக் கூடாது என்பதற்கும் சட்டத்தில் தனிப் பிரிவு உண்டு. எங்கள் பதிவேடு மேசைமேல் திறந்தே கிடக்கும். அக்காவின் பிரிவில் உள்ளதைப் பூட்டி வைக்க வேண்டும். காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

18 வயதுக்குக் குறைந்த பெண் என்றால் சிக்கல் இன்னும் கூடுகிறது. கிடேரிக்கு நான் சொன்ன காரணம், உடம்பு இன்னும் நிற்கவில்லை என்பது, 15 வயதில் கட்டிக் கொடுக்கப்பட்ட பெண்ணுக்கும் அப்படியே பொருந்தும். ஆனால் அவள் விஷயத்தில் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தகவல் போக வேண்டும் என்பதால், குடும்பம் பயந்துபோய் மருத்துவமனைப் பக்கமே வராமல் யாரோ ஒருவரிடம் மாத்திரை வாங்கிவிடுகிறது. அவளும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அவளுடைய அடையாளத்தை மருத்துவர் காவல்துறையிடம் வெளியிட வேண்டியதில்லை என்று அதே 2022 தீர்ப்பு வழிசெய்திருப்பதை அக்காவின் பிரிவிலேயே பலர் அறியவில்லை.

மனிதக் கருவையும் மாட்டுக் கருவையும் ஒன்றாக வைத்துப் பேசலாமா என்று என் மாமனார் கேட்டார். கூடாது என்றே நானும் நினைக்கிறேன். மனிதக் கரு கூடுதல் மதிப்புடையது என்று ஒப்புக்கொள்பவர், அதைச் சுமப்பவளும் மனுஷி என்பதால் அவளுக்கும் அதே கூடுதல் மதிப்பைத் தர வேண்டும் அல்லவா? கரு விஷயத்தில் மனிதர் வேறு, மாடு வேறு என்கிறோம். கையெழுத்து விஷயத்தில் மட்டும் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது.

சேலத்தில் இருந்துகொண்டு கருக்கலைப்பைப் பற்றி எழுதுகிறவர் பெண் சிசுவைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் தொடங்கப்பட்டது இந்த ஊரில்தான். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஆறு வயதுக்கு உட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகளே என்று, மாநிலத்தின் கடைசி வரிசையில் நின்றது இந்த மாவட்டம். கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம், 2003-இல் திருத்தப்பட்டு, கருத்தரிப்பதற்கு முன்பே பாலினத்தைத் தேர்ந்தெடுக்கும் முறைகளையும் தடை செய்தது. பெண்ணைத் தரும் எக்ஸ் விந்தணுவில் மரபுப் பொருள் சிறிது கூடுதலாக இருப்பதைக் கொண்டு கருவியில் பிரித்தெடுக்கும் முறையும் அந்தத் தடைக்குள் அடங்கும். அதே முறையில் பிரித்தெடுத்த காளை விந்தை, கிடேரிக் கன்று வேண்டும் என்பதற்காக, அரசே மானிய விலையில் எங்களுக்கு அனுப்புகிறது. 100 சினையில் சுமார் 90 கிடேரியாகப் பிறக்கும் என்று விவசாயிகளிடம் சொல்லி நானே போடுகிறேன். ஊட்டியில் அதற்கென உற்பத்தி நிலையம் இருக்கிறது. தொழுவத்தில் பெண் பிறந்தால் பால், காளைக்கன்று பிறந்தால் தீவனச் செலவு. வீட்டுக்குள் போனால் கணக்கு தலைகீழ். சினை ஊசி போட்டுவிட்டுக் கை கழுவும்போது, "கெடேரியா பொறக்கட்டும்னு வேண்டிக்கிறேன் டாக்டரம்மா" என்று சொன்ன ஓர் அம்மாள், அதே மூச்சில் தன் மருமகளுக்கு இரண்டாவதும் பெண்ணாகிவிட்டது என்று அங்கலாய்த்தார். இரண்டு இடத்திலும் உரிமையாளரின் கணக்கு ஒன்றேதான் ஓடுகிறது. பாலினத் தேர்வைத் தடுக்கும் சட்டம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதைக் காட்டி எல்லாக் கருக்கலைப்பையும் சந்தேகத்தோடு பார்க்கும் வழக்கத்தால், எட்டு வாரத்தில் வரும் பெண்ணும் திருப்பி அனுப்பப்படுகிறாள். ஸ்கேனில் பாலினம் தெரியாத காலம் அது என்பதைக்கூட யாரும் யோசிப்பதில்லை.

தானாகக் கரு கலைந்தாலும் இதே நிலைமைதான். பசு ஏழு மாதத்தில் கன்று வீசிவிட்டால் நாங்கள் காரணம் தேடுகிறோம்: இரத்தம் எடுத்து, கன்று வீச்சு நோயைக் கண்டறியும் ரோஸ் பெங்கால் சோதனைக்கு அனுப்புகிறோம், லெப்டோ என்னும் எலிக்காய்ச்சல் கிருமியா என்று பார்க்கிறோம், கூட இருக்கும் மாடுகளையும் கவனிக்கிறோம். பெண்ணுக்குக் கலைந்தால் பப்பாளி தின்றாயா, மாடிப்படி ஏறினாயா, வண்டியில் போனாயா என்ற விசாரணை. பசுவிடம் கிருமியைத் தேடுகிறோம், பெண்ணிடம் குற்றத்தைத் தேடுகிறோம்.

கன்று வீச்சு நோய் என்று இங்கே சொல்லப்படும் புருசெல்லோசிஸ், இரண்டு மருத்துவங்களும் ஒரே வீட்டுக்குள் சந்தித்துக்கொள்ளும் நோய். வீசிய கன்று, நஞ்சுக்கொடி, கசிவு எல்லாவற்றிலும் கிருமி இருக்கும். அதை வெறுங்கையால் வாரிக் கொட்டித் தொழுவத்தைக் கழுவுவது பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்கள்தான். மனிதருக்குத் தொற்றினால் வாரக்கணக்கில் விட்டுவிட்டுக் காய்ச்சலும் மூட்டுவலியும் வரும். கர்ப்பிணிக்குத் தொற்றினால் கருச்சிதைவும் ஏற்படலாம். 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு வாழ்நாளில் ஒரு முறை தடுப்பூசி போடும் தேசியத் திட்டம் 2019 முதல் நடக்கிறது. காளைக்கன்றுக்கும் சினை மாட்டுக்கும் அதைப் போடக் கூடாது. வீசியதை வெறுங்கையால் தொடாமல், கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு எடுத்து, ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கச் சொல்கிறோம். பாலைக் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம் என்கிறோம்.

ஆனால் காய்ச்சலோடு கரு கலைந்து வரும் பெண்ணிடம், "உங்க வீட்டு மாடு சமீபத்துல கன்னு வீசுச்சா?" என்று கேட்கும் பழக்கம் மகப்பேறு பிரிவில் இல்லை என்று அக்கா சொன்னார். அதனால் இப்போது எங்கள் பகுதியில் எந்த வீட்டு மாடாவது கன்று வீசினால், அந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாரா என்று நான் கேட்டுவிட்டு, இருந்தால் அவரிடம் சொல்லிவிட்டே கிராம சுகாதார செவிலியருக்கும் தகவல் அனுப்புகிறேன். அவரும் பதிலுக்கு, காய்ச்சல் விட்டு விட்டு வருகிற மாட்டுக்கார வீடுகளை எனக்குச் சொல்கிறார். இதற்கென்று இரண்டு துறையிலும் படிவம் கிடையாது.